இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவில்

மகளை நாங்கள் போனில் கூப்பிடக் கூடாது, அவள்தான் கூப்பிடுவாள் என்பது நான்கு வருடமாக எங்கள் வீட்டில் இருந்த ஏற்பாடு. ஒரே ஒரு முறை நான் அதை மீறினேன். அந்த ஒரு முறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுதி முடித்தால் மனசு ஆறிவிடும் என்று நம்பி உட்காரவில்லை. வேறு எதுவும் செய்ய முடியாததால் எழுதுகிறேன்.

அவள் ஐரோப்பாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். சூரியனுக்குள் நடப்பதுபோல அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்க முடியுமா என்று பார்க்கிற இடம். லாரி டயர் வடிவத்தில் ஒரு பெரிய எஃகுக் கலம். அதற்குள் பிளாஸ்மா, சுவரில் படாதபடி காந்தப்புலத்தால் பிடித்துவைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் சில விநாடிகள்தான் அது நிற்கும். அதை ஷாட் என்கிறார்கள். ஒரு ஷாட் முடிந்தால் காந்தச் சுருள்கள் ஆறுவதற்கு இருபது நிமிடம் வேண்டும். பிறகு அடுத்த ஷாட். அந்த இருபது நிமிடத்தில் நேரம் கிடைத்தால் கன்ட்ரோல் ரூமுக்கு வெளியே நடைக்கூடத்தில் வந்து நின்று அவள் எங்களைக் கூப்பிடுவாள். சாப்பிட்டாயா, சளி போச்சா, அப்பா மாத்திரை போட்டாரா என்பதற்குள் உள்ளே ஒலிபெருக்கி அலறும். "போறேம்மா" என்று வைத்துவிடுவாள்.

நான் பெரம்பலூரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வீடு அரியலூரில். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். பிளாஸ்மா என்பது பருப்பொருளின் நான்காவது நிலை என்று இருபது வருடமாகப் பிள்ளைகளிடம் சொல்லிவருகிறேன். அந்த ஒரு வரிக்கு மேல் எனக்குத் தெரியாது என்பதை என் மகள்தான் எனக்குத் தெரியப்படுத்தினாள்.

போன வருடம் விடுமுறைக்கு வந்திருந்தபோது என்னோடு ஒருநாள் பள்ளிக்கு வந்தாள். காலை பஸ். உள்ளே இடம் இருந்தும் படியில் ஏழெட்டுப் பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வந்து வந்து போயின.

"அந்தா பாரும்மா, படியில தொங்குறாங்கள்ல, அவங்கதான் என் ஆளுங்க" என்றாள்.

"யாருடி?"

"வேக அயனிங்க. உள்ள உக்காந்திருக்கறவங்க சாதா அயனி. அவங்க பாட்டுக்குத் தூங்கிட்டு வருவாங்க. இவங்க ஓடி வந்து ஏறினவங்க, வேகம் ஜாஸ்தி. வளைவுல மொதல்ல வெளிய போறது இவங்கதான். எங்க விழுந்தாங்க, எவ்ளோ வேகத்துல விழுந்தாங்கன்னு பார்த்துட்டா வண்டி எப்படித் திரும்புச்சுன்னு சொல்லிடலாம். அதான் என் வேலை."

"அதுக்கு ஒருத்தன் விழணுமா?"

"விழாம எப்புடிம்மா அளக்கறது?"

முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பி எங்கள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்தாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கண்டக்டரைக் கூப்பிட்டு, படியில் நிற்பவர்களை உள்ளே வரச் சொல்லுங்கள் என்றேன்.

"டெய்லி சொல்றீங்க டீச்சர், டெய்லி நானும் சொல்றேன்" என்றார் அவர்.

அப்படிப்பட்ட ஆள் நான். விழப்போகிறவனைத்தான் முதலில் பார்ப்பேன்.

அவளுடைய கருவியைப் படத்தில் காட்டியிருக்கிறாள். கைமுட்டி அளவு ஒரு தலை. அதற்குக் கிராஃபைட்டில் ஒரு தொப்பி. தொப்பியில் நகத்தின் தடிமனுக்கு ஒரு பிளவு. பிளாஸ்மாவிலிருந்து தப்பி வெளியே வரும் வேக அயனிகளில் சில அந்தப் பிளவுக்குள் நுழைந்து ஒரு தகட்டில் மோதும். மோதின இடம் ஒளிரும். தூரத்திலிருந்து ஒரு கேமரா அந்த ஒளியைப் படம் பிடிக்கும். ஒளிப்புள்ளி தகட்டில் எந்த இடத்தில் விழுந்தது என்பதை வைத்து, வந்த அயனியின் வேகத்தையும் அது வந்த கோணத்தையும் கணக்கிடுவார்கள். அந்தத் தலையை ஒரு நீளமான தண்டில் மாட்டி, மோட்டாரால் பிளாஸ்மாவின் விளிம்பை நோக்கி நகர்த்த வேண்டும். தள்ளி நின்றால் ஒன்றும் வந்து விழாது. மிக அருகில் போனால் தலை வெந்துவிடும். இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்கள்தான் இடம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் எவ்வளவு தூரம் போவது என்று முடிவு செய்து, அந்த எண்ணைக் கணினியில் கொடுக்க வேண்டியது அவள்.

இதை என்னைவிட என் கணவர் வேகமாகப் புரிந்துகொண்டார். அவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் கில்ன் கன்ட்ரோல் ரூமில் இருக்கிறார். கில்ன் என்பது சுழன்றுகொண்டே இருக்கிற நீண்ட இரும்பு உலை. உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. அதன் வெளித்தோலின் சூட்டைத் திரையில் பார்த்துத்தான், உள்ளே எந்த இடத்தில் செங்கல் உதிர்ந்திருக்கிறது என்று சொல்வார்கள்.

"ஏ டீச்சரம்மா, நீ பதினொண்ணாப்புக்குப் பாடம் நடத்து. இது கில்ன்காரன் சமாச்சாரம்" என்று என்னைக் கிண்டல் செய்வார். அப்பாவும் மகளும் போனில் பேசும்போது நான் காபி கலந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

இந்த வருடம் அவளுக்குக் கடைசி வருடம். பிளாஸ்மாவின் விளிம்பு சில சமயம் திடீரென்று கொந்தளிக்குமாம். அந்தக் கண நேரத்தில் வேக அயனிகள் எவ்வளவு வெளியேறுகின்றன, வெளியேறும் முன் இன்னும் வேகம் கூடுகின்றனவா என்பதுதான் அவளுடைய கேள்வி. அதற்காக அந்த இயந்திரத்தில் அவளுக்கு இரண்டு நாள் ஒதுக்கினார்கள். மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த இரண்டு நாள். அது அமைந்தால் ஆய்வேடு அமைந்த மாதிரி. முதல் நாள் சாயங்காலம் கூப்பிட்டாள். ஒளி மங்கலாகத்தான் விழுகிறது, ஆனாலும் விழுகிறது, நாளைக்கு இன்னும் கொஞ்சம் உள்ளே போவேன் என்றாள். குரலில் ஒரு துள்ளல் இருந்தது.

மறுநாள் நான் செய்தது இதுதான்.

மதியம் ஆசிரியர் அறையில் ஒருவர் தன் போனைக் காட்டினார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த வீடியோ. 'செயற்கைச் சூரியன் வெடித்தது' என்று தமிழில் எழுதி, ஒரு பெரிய கலம் பிளந்து நெருப்பு பீறிட்டுவரும் காட்சி. "உங்க பொண்ணு இதுலதானே டீச்சர் இருக்கு?" என்றார். பார்த்த உடனே அது போலி என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கலத்துக்குள் இருக்கிற பிளாஸ்மாவின் எடை ஒரு சிட்டிகை உப்பு அளவுகூட இருக்காது, ஏதாவது தப்பாகப் போனால் அது தானாக அணைந்துவிடும், வெடிக்காது என்று மகள் பலமுறை சொல்லியிருக்கிறாள். அதையே அந்த ஆசிரியரிடமும் தெளிவாகச் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார்.

ஆனால் ஏழாவது பீரியடில் கரும்பலகைப் பக்கம் திரும்பினபோது எனக்கு வேறொருவர் முகம் நினைவுக்கு வந்தது. என் கணவரோடு வேலை பார்த்தவர். வருடங்களுக்கு முன் ஆலையில் அடைப்பு எடுக்கும்போது கொதிக்கிற சுண்ணாம்புக்கல் மாவு மேலே கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டுகளுக்கு நடுவே கண்கள் மட்டும் இருந்தன. "சாப்பாடெல்லாம் ஆச்சா சிஸ்டர்?" என்று என்னைக் கேட்டார். பிழைத்துவிட்டார். ஆனால் நெருப்பு என்று எங்கே கேட்டாலும் அந்தக் கண்கள்தான் எனக்கு வருகின்றன.

நாலரை மணிக்குப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். அரியலூர் வண்டி இன்னும் வரவில்லை. அங்கே அப்போது மதியம் ஒரு மணி. போனைக் கையில் எடுத்தேன், உள்ளே வைத்தேன், மறுபடி எடுத்தேன். கூப்பிட்டேன்.

மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"ம்மா! என்ன ஆச்சு? அப்பாவுக்கு ஏதாச்சுமா?"

"அப்பா நல்லாருக்காருடி. நீ எப்படி இருக்க?"

"இரு, வெளிய வரேன்." கதவு திறந்து மூடும் சத்தம். "ம்... சொல்லு. யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. ஒரு வீடியோ பார்த்தேன். உங்க மெஷின் மாதிரி வெடிக்கிற மாதிரி..."

"அய்யோ ம்மா." பெருமூச்சு. பிறகு சிரித்தாள். "நான் யாரோ செத்துட்டாங்கன்னுல்ல பயந்துட்டேன். நீ பிசிக்ஸ் டீச்சர்மா. உன் ஸ்டூடண்ட்ஸ் கேட்டா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீ அந்தக் கதவுக்குப் பின்னாடிதானே இருக்க?"

"நான் ஒரு பெரிய சுவருக்குப் பின்னாடி, இன்னொரு கட்டடத்துல, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கேன். எனக்கு இங்க ஆபத்துன்னா அது காபி மெஷின்தான். அவ்ளோ கேவலமா காபி போடுது."

இந்த இடத்தில் அவள் பின்னால் ஒலிபெருக்கியில் ஒரு ஆண் குரல் ஏதோ சொன்னது. நீளமாகச் சொன்னது. நடைக்கூடத்தில் எதிரொலித்ததால் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

"கூப்பிடுறாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல இல்ல, இன்னும் டைம் இருக்கு. ஏதோ சொல்றான். நீ சொல்லு. சாப்ட்டியா?"

நான் அவளைப் போகச் சொல்லியிருக்க வேண்டும். போனை வைத்திருக்க வேண்டும். ஆனால் அவள் குரல் நன்றாக இருந்தது. எனக்கு அது வேண்டியிருந்தது. மதியம் கொண்டுபோன தயிர்சாதம் புளித்துவிட்டதைச் சொன்னேன். பக்கத்து வீட்டில் குட்டி போட்ட பூனையைப் பற்றிச் சொன்னேன். அவள் எத்தனை குட்டி என்று கேட்டாள். நாலு என்றேன். வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்தேன். மனசு லேசாக இருந்தது. அன்றைக்குப் பஸ்ஸில் தூங்கிக்கூடப் போனேன்.

அன்று சாயங்காலம் அவள் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. 'பிஸிம்மா, பேசுறேன்' என்று ஒரு செய்தி. நான் கூப்பிடவில்லை. ஏற்பாட்டை இரண்டாவது முறை மீறக் கூடாது என்று இருந்தேன். அப்படியே ஒன்பது நாள் போயிற்று.

அந்த நாட்களில் பதினொன்றாம் வகுப்புக்கு முதல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அளவீட்டில் வரும் பிழைகள். கருவியால் வரும் பிழை, செய்முறையால் வரும் பிழை, அளப்பவரின் கவனக்குறைவால் வரும் பிழை, புறக்காரணிகளால் வரும் பிழை. வருடா வருடம் ஒரே மாதிரிதான் நடத்துவேன். புறக்காரணிக்கு, மின்விசிறிக் காற்றில் தராசு ஆடுவதை உதாரணம் சொல்வேன். இந்த முறையும் அதையேதான் சொன்னேன். என் மகளின் தராசில் நான்தான் ஊதியிருக்கிறேன் என்று எனக்கு அப்போது தெரியாது.

பத்தாம் நாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது என் கணவர் ஷிப்டு முடிந்து வந்து டிவி போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா பேசுச்சு" என்றார்.

"எப்போ? என்கிட்ட பேசலையே?"

"அதோட கருவி எரிஞ்சுபோச்சாம். தலை உருகிடுச்சு. அந்தத் துகள் பிளாஸ்மாவுல கலந்து, அன்னிக்கு ஷாட்டும் போச்சு, அடுத்து இருந்த ஷாட்டுங்களும் போச்சு."

"மாத்திக்கலாம்ல?"

"எப்படி மாத்துறது? உள்ள பூராவும் வெற்றிடம். திறந்தா காத்து உள்ள பூந்துரும். ஷட்டவுன் வரைக்கும் திறக்க மாட்டாங்க. நம்ம கில்ன் மாதிரிதான். அடுத்த ஷட்டவுன் அடுத்த வருஷம்."

"அதுக்குள்ள இவளுக்கு முடிஞ்சிருமே."

"ம்."

"எப்படிங்க எரிஞ்சுது? தப்பா நம்பர் போட்டுட்டாளா?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் குனிந்தார். ஏற்கெனவே கழற்றிய செருப்பை எடுத்து ஓரமாக வைத்தார். "நம்பர் சரிதான். பிளாஸ்மாவைத்தான் கொஞ்சம் நகர்த்திட்டாங்க போல. விடு. மெஷின்னா இதெல்லாம் சகஜம்."

முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவர் எதையோ என்னிடமிருந்து தள்ளி வைக்கிறார் என்று எனக்குத் தெரியாமல் இருக்குமா.

"என்னிக்கு எரிஞ்சுது?"

"போன வாரம்."

"போன வாரம் என்னிக்குங்க?"

"செவ்வாக்கிழமையோ என்னமோ."

போனை எடுத்துப் பார்த்தேன். நான் கூப்பிட்டதும் செவ்வாய்க்கிழமை. பதினொரு நிமிடம் பேசியிருக்கிறேன். பூனைக்குட்டி வரைக்கும் பேசியிருக்கிறேன். நீளமாக எதையோ சொன்ன அந்த ஆண் குரல் காதில் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு சொல்லாவது பிடிபடுமா என்று மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். எதிரொலி மட்டும்தான் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷாட் கிடையாது. நிதானமாகப் பேசினாள். சளி பிடித்திருக்கிறது என்றாள். பூனைக்குட்டிகள் கண் திறந்துவிட்டனவா என்று கேட்டாள். அதைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை.

"அன்னிக்கு ஸ்பீக்கர்ல அவன் என்ன சொன்னான்?" என்றேன்.

"எவன்?"

"நான் கூப்பிட்டப்ப. ஏதோ சொல்றான்னு சொன்னியே."

"அப்பா சொல்லிட்டாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. நீ சொல்லு."

"ம்மா, விடேன்."

"என்னடி சொன்னான்?"

"அடுத்த ஷாட்டுல பிளாஸ்மாவோட வெளிவிளிம்பை ரெண்டு சென்டிமீட்டர் வெளிய தள்றோம்னு சொன்னான். வேறொருத்தரோட அளவீட்டுக்காக. ஆட்சேபனை இருந்தா சொல்லணும். நான் ரூம்ல இருந்திருந்தா கையத் தூக்கியிருப்பேன். இல்ல, என் தலைய ரெண்டு சென்டிமீட்டர் பின்னாடி இழுத்திருப்பேன். உள்ள வந்தேன், பழைய நம்பர் ஸ்கிரீன்ல இருந்துச்சு, ஓகே குடுத்துட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "போர்டுலயும் எழுதித்தான் போட்டிருந்தான். நான்தான் பார்க்கல. உள்ள போனப்பவே பார்த்திருக்கணும். நீ கூப்பிட்டதால இல்லம்மா."

"ரெண்டு சென்டிமீட்டர்" என்றேன்.

"நான் போனை எடுக்காம விட்டிருக்கலாம். நான்தானே எடுத்தேன்."

"நான் கூப்பிட்டா யாரோ செத்துட்டாங்கன்னு நீ நினைப்பன்னு எனக்குத் தெரியும்டி. தெரிஞ்சுதான் கூப்பிட்டேன்."

அவள் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள்.

அங்கே ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்கச் சொன்னார்களாம். அறையில் இல்லை, அறிவிப்பைக் கேட்கவில்லை, பலகையைச் சரிபார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஏன் அறையில் இல்லை என்று எழுதவில்லை. யாரும் திட்டவில்லையாம். அதைத்தான் தாங்க முடியவில்லை என்றாள். அவளுடைய பேராசிரியர் தோளில் தட்டி, எல்லோருக்கும் ஒன்று உருகும் என்றாராம். நான் எழுதட்டுமா அவருக்கு, என்னால்தான் என்று சொல்லட்டுமா என்று கேட்டேன். கேட்கும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்தது. பிள்ளையின் வகுப்பு ஆசிரியைக்கு விடுப்புக் கடிதம் எழுதுகிற மாதிரி.

"எழுதும்மா. அம்மா லெட்டர் குடுத்தா மார்க் போடுவாங்க" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள்.

போன மாதம் முடிவு தெரிந்தது. முதல் நாளில் மங்கலாக விழுந்த ஒளியையும், பழைய ஷாட்டுகளில் எடுத்ததையும் வைத்து ஆய்வேட்டை எழுதச் சொல்லிவிட்டார்கள். பட்டம் கிடைத்துவிடும். ஆனால் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அதில் இருக்காது. அடுத்த வருடம் கலத்தைத் திறந்து புதுத் தலை மாட்டும்போது அவளுக்குப் பின்னால் வரும் ஒரு மாணவர் அந்த அளவீட்டை எடுப்பார். அவரிடம் ஒப்படைக்க, எந்த ஷாட்டுக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்று இவள் குறிப்பு தயாரிக்கிறாள். அதில் முதல் வரியாக, பலகையைப் பார் என்று எழுதியிருப்பதாகச் சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அப்போதும் அவள் குரலில் பழைய துள்ளல் இருக்கிறதா என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இங்கிருந்து அதை எப்படி அளப்பது?

என் கணவரிடம் ஒருநாள் கேட்டேன், உங்கள் கில்ன் ஓடும்போது நான் எப்போதாவது போன் பண்ணி ஏதாவது கெட்டிருக்கிறதா என்று. "நீ பண்ணினா நான் எடுக்கவே மாட்டேனே" என்றார். யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். ஷிப்டில் இருக்கும்போது அவர் ஒருமுறைகூட எடுத்ததில்லை. அதற்காக எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன்.

இப்போது அவள் வேறொரு குழுவுக்கு உதவியாகக் கன்ட்ரோல் ரூமில் சில நாட்கள் உட்காருகிறாள். மறுபடி நடைக்கூடத்திலிருந்து கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள். நேற்று நான் பஸ் ஸ்டாண்டில் இருந்தபோது கூப்பிட்டாள். ஆய்வேட்டில் மூன்றாவது அத்தியாயம் முடிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு படத்தைப் பற்றி, அந்த மங்கலான ஒளியிலும் ஏதோ ஒன்று தெரிகிறது என்று ஆரம்பித்தாள். அவள் பின்னால் ஒலிபெருக்கி பேசியது.

நான் வைத்துவிட்டேன். போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

பஸ் வந்தது. ஏறினேன். படியில் நான்கு பேர். எனக்குக் கண்டக்டரைக் கூப்பிடத் தோன்றவில்லை. உட்கார்ந்ததும் போன் அதிர்ந்தது. செய்தி.

'ஏம்மா கட் பண்ணிட்ட? அது மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான்.'

தெரிகிற அந்த ஏதோ ஒன்று என்ன என்று கேட்டு எழுத நினைத்தேன். அவள் ஒருவேளை இப்போது அறைக்குள் இருக்கலாம். பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். 'சரி, போய்ச் சாப்பிடு' என்று அனுப்பிவிட்டுப் போனைப் பைக்குள் வைத்தேன்.